நெருப்பை யார் மேல் கேட்கிறோம்?

சேலத்தில் அக்கினி அபிஷேகக் கூட்டத்துக்குச் சுவரொட்டி ஒட்டாத மாதமே கிடையாது. ஐந்து ரோடு, சூரமங்கலம், அம்மாபேட்டை என்று எந்தப் பக்கம் போனாலும் ஒன்றாவது கண்ணில் படும். ஊழியக்காரர் கையில் மைக், பின்னால் ஆரஞ்சு நிறத்தில் கொழுந்துவிட்டு எரியும் நெருப்பு, கீழே மைதானத்தின் பெயர், ‘அனைவரும் வருக’. கூட்டத்துக்குப் போனால் பாட்டு முடிந்ததும் எல்லாரும் கையைத் தூக்கி, அக்கினியை இறக்கும் ஆண்டவரே என்று கேட்பார்கள். நானும் கேட்டிருக்கிறேன். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) வீட்டில் பிறந்து, ஆராதனைப் புத்தகத்தைப் பார்த்து அடக்கமாக ஜெபித்துப் பழகியவனுக்கு அந்தச் சத்தம் பிடித்துத்தான் இருந்தது. இப்போது அந்த இடம் வரும்போது வாய் தயங்குகிறது. எதைக் கேட்கிறோம், யார் மேல் கேட்கிறோம் என்று ஒரு யோசனை குறுக்கே வந்து நிற்கிறது.

அந்த ஜெபத்துக்கு மூலம் யோவான் ஸ்நானகர் யோர்தான் கரையில் சொன்ன வசனம். ‘நான் மனந்திரும்புதலுக்கென்று ஜலத்தினால் உங்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்’ என்று தொடங்குகிறார். தனக்குப் பின் வருகிறவரைப் பற்றிச் சொல்லி, ‘அவர் பரிசுத்த ஆவியினாலும் அக்கினியினாலும் உங்களுக்கு ஞானஸ்நானம் கொடுப்பார்’ என்று முடிக்கிறார். மத்தேயு 3ஆம் அதிகாரம், 11ஆம் வசனம். வசனக் காலண்டரில் போட வாகான அளவு. அதற்கு முன்னும் பின்னும் இருக்கிற இரண்டு வசனங்களைத்தான் யாரும் காலண்டரில் போடுவதில்லை. 10இல் மரங்களின் வேர் அருகே கோடரி வைத்திருக்கிறது; நல்ல கனி கொடாத மரமெல்லாம் வெட்டுண்டு அக்கினியிலே போடப்படும். 12இல் களமும் தூற்றுக்கூடையும். ‘பதரையோ அவியாத அக்கினியினால் சுட்டெரிப்பார்.’ முன்னால் இருப்பதும் எரித்துத் தீர்க்கிற நெருப்பு, பின்னால் இருப்பதும் எரித்துத் தீர்க்கிற நெருப்பு. நடுவில் இருப்பது மட்டும் கை தட்டிப் பாடத் தோதான நெருப்பாக இருக்குமா?

மாற்கு சுவிசேஷத்தைத் திறந்து பார்த்தால் ஸ்நானகர் இதையே சொல்கிறார், ஆனால் அக்கினி இல்லை. யோவான் எழுதின சுவிசேஷத்திலும் இல்லை. அந்த இரண்டிலும் கோடரியும் இல்லை, களமும் இல்லை, பதரும் இல்லை. மத்தேயுவிலும் லூக்காவிலும் மட்டும் நெருப்பு வருகிறது, அதுவும் நியாயத்தீர்ப்புப் பேச்சோடு சேர்ந்தே வருகிறது. உயிர்த்தெழுந்த பிறகு இயேசு யோவானின் பேச்சை நினைவுபடுத்தும் இடம் அப்போஸ்தலர் முதல் அதிகாரத்தில் உண்டு. அங்கே அவரும் பரிசுத்த ஆவியோடு நிறுத்திக்கொள்கிறார். அக்கினியை எடுக்கவில்லை. அடுத்த அதிகாரத்தில் பெந்தெகொஸ்தே நாள் வருகிறது, நெருப்பும் வருகிறது. ஆனால் லூக்கா எவ்வளவு ஜாக்கிரதையாக எழுதுகிறார் பாருங்கள், ‘அக்கினிமயமான நாவுகள்போல’. ஒருவர் தலைமுடியும் கருகவில்லை.

இதை வைத்து ஆதி சபையிலேயே ஆளுக்கு ஒரு பக்கம் பேசியிருக்கிறார்கள். 4ஆம் நூற்றாண்டின் கிறிசோஸ்தோமுக்கு இந்த அக்கினி ஆவியின் வல்லமை, கிருபையின் பெருக்கு. அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முந்தின ஓரிகன் வேறு மாதிரி பார்த்தார். லூக்காவைப் பற்றிய ஒரு பிரசங்கத்தில், கடைசி நாளில் கிறிஸ்து ஒரு நெருப்பு ஆற்றில் நிற்கிறார், பரதீசுக்குப் போக விரும்புகிறவர்களை அதில் முழுக்காட்டி அனுப்புகிறார் என்கிறார். இன்னும் முந்தி, 2ஆம் நூற்றாண்டில் ஜஸ்டின், இயேசு தண்ணீரில் இறங்கினபோது யோர்தானிலேயே தீ மூண்டது என்று எழுதி வைத்திருக்கிறார். சுவிசேஷத்தில் அப்படி இல்லை. ஆனால் தண்ணீரையும் நெருப்பையும் ஒரே இடத்தில் பார்த்தே ஆகவேண்டும் என்ற தவிப்பு அவ்வளவு பழையது.

நம் ஊர் மேடைகளில் இதற்கு ஒரு சுலபமான வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். விசுவாசிக்கு ஆவி, அவிசுவாசிக்கு அக்கினி. பங்கு பிரித்தாகிவிட்டது. யோவானோ ‘உங்களுக்கு’ என்று ஒரே கூட்டத்தைப் பார்த்துத்தான் சொல்கிறார், இரண்டையும் சேர்த்துச் சொல்கிறார். ஆளைப் பார்த்து வரிசை பிரிக்கவில்லை.

அந்தக் கூட்டத்தில் பரிசேயரையும் சதுசேயரையும் பார்த்து அவர் கத்துகிற வார்த்தை எனக்கு வெகு காலம் வெறும் வசவாகத்தான் பட்டது. ‘விரியன் பாம்புக்குட்டிகளே! வருங்கோபத்துக்குத் தப்பித்துக்கொள்ள உங்களுக்கு வகைகாட்டினவன் யார்?’ சேர்வராயன் மலையில் தீப்பிடிக்கிற மாதங்களில் அடிவாரத்தில் இருந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். மாசி, பங்குனியில் மூங்கிலும் போதைப்புல்லும் காய்ந்து சருகாகக் கிடக்கும். யாரோ ஒருவர் பீடித் துண்டைப் போட்டாலோ, புதுப்புல் வரட்டும் என்று பற்றவைத்தாலோ போதும். இரவில் சேலத்து மொட்டை மாடியில் நின்றால் மலைச்சரிவில் சிவப்புக் கோடு நகர்வது தெரியும். வனத்துறைக்காரர்கள் தீத்தடுப்புக் கோடு வெட்டிவைத்திருப்பார்கள். அதையும் தாண்டி வந்துவிட்டால் பச்சைத் தழையை ஒடித்து அடித்துத்தான் அணைக்க வேண்டும். அப்போது புதரிலிருந்து முதலில் வெளியே வருவது பாம்பும் முயலும். எஸ்டேட் ஓரத்து வீட்டுக்காரர்கள் அந்த நாட்களில் விறகு அடுக்குக்குள் கையை விடமாட்டார்கள். யூதேயா வனாந்தரத்தில் வளர்ந்த யோவானும் காய்ந்த புதர் எரிவதைப் பார்த்திருப்பார் என்றே நினைக்கிறேன். தீ பின்னால் வருகிறது, பாம்பு முன்னால் ஓடுகிறது, ஓடுகிற வழியில் தண்ணீர் இருக்கிறது. ஞானஸ்நானம் பெற வந்த பெரிய மனிதர்களை அவர் அப்படிப் பார்க்கிறார். தப்பிக்க வந்திருக்கிறீர்கள், மாறுவதற்கு வரவில்லை என்கிறார். அதனால்தான் அடுத்த மூச்சிலேயே மனந்திரும்புதலுக்கு ஏற்ற கனியைக் கேட்கிறார்.

நெருப்பிலிருந்து தப்பிக்கத்தான் தண்ணீர் என்று நானும் நினைத்திருந்தேன். ஞாயிறு பள்ளியில் அப்படித்தான் மனசில் பதிந்தது. எங்கள் சித்தப்பா மகன் ஒரு பெந்தெகொஸ்தே சபையில் சேர்ந்து, குழந்தையில் தெளித்தது செல்லாது என்று மறுபடியும் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தான். ஏற்காடு அடிவாரத்துப் பக்கம் ஒரு தோட்டத்தில் பம்ப்செட் தொட்டி. பங்குனி வெயில், பின்னால் மலையில் இரண்டு நாளாக எரிந்த இடத்தில் கரும்பட்டை. தொட்டித் தண்ணீர் மார்பளவு. வெள்ளை வேட்டியோடு இறங்கினவனைப் போதகரும் இன்னொருவரும் தோளையும் கழுத்தையும் பிடித்து மல்லாக்க முக்கி எடுத்தார்கள். எழுந்தவன் மூக்கில் தண்ணீர் ஏறி இருமினான். சித்தி கரையில் துண்டோடு அழுதுகொண்டிருந்தார். வீட்டில் இதற்காகப் பெரிய சண்டை நடந்திருந்தது. தெளித்தாலும் முக்கினாலும் ஒன்றுதான் என்று நான் இன்றைக்கும் சொல்வேன், அது வேறு கதை. ஈரத்தோடு வந்தவன் என் கையைப் பிடித்து, “அண்ணா, தண்ணி ஆச்சு. இனி அக்கினிதான் பாக்கி” என்றான். மூன்று வாரம் உபவாசக் கூட்டத்துக்குப் போகப்போவதாகவும் சொன்னான். அவனுக்கு அக்கினி என்றால் அந்நிய பாஷை, வல்லமை, ஊழியம். எனக்கு அவன் தோளுக்கு மேலே தெரிந்த கரிந்த சரிவிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

வேதத்தைப் புரட்டினால் தண்ணீரும் நெருப்பும் அப்படி முன்னே பின்னே வகுப்புப் பிரித்து வருவதில்லை. ‘தீயையும் தண்ணீரையும் கடந்துவந்தோம்’ என்கிறது 66ஆம் சங்கீதம். ஏசாயா 43இல் ‘நீ தண்ணீர்களைக் கடக்கும்போது நான் உன்னோடு இருப்பேன்’ என்ற வாக்குள்ள அதே வசனத்தில், ‘நீ அக்கினியில் நடக்கும்போது வேகாதிருப்பாய்’ என்றும் இருக்கிறது. எலியா கர்மேலில் பலிபீடத்தின் மேல் நான்கு குடமாக மூன்று தரம் தண்ணீர் ஊற்றவைத்த பிறகுதான் நெருப்பைக் கேட்கிறார். எல்லாவற்றையும்விட நான் திரும்பத் திரும்பப் போகிற இடம் யாரும் பிரசங்கிக்காத எண்ணாகமம் 31. போரிலிருந்து கொண்டுவந்த பொருள்களை எப்படிச் சுத்தம் செய்வது என்று ஒரு சட்டம். பொன், வெள்ளி, வெண்கலம், இரும்பு, தகரம், ஈயம், இவையெல்லாம் நெருப்புக்கு நிற்கும். அவற்றை நெருப்பிலும் போட்டெடுக்க வேண்டும், தீட்டுக்கழிக்கும் தண்ணீரிலும் சுத்திகரிக்க வேண்டும். நெருப்புக்கு நிற்காததைத் தண்ணீரில் மட்டும் சுத்தம் பண்ணினால் போதும். நெருப்புக்குப் போகிறது தண்டிக்கப்படுகிற பொருள் இல்லை, தாங்கக்கூடிய பொருள்.

இதற்கு விளக்கவுரை தேடி நான் ரொம்பத் தூரம் போகவில்லை, செவ்வாய்ப்பேட்டை வரைதான் போனேன். சேலத்துக் கொலுசு நாடெங்கும் போகிறது. செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம், பனங்காடு என்று தெருத்தெருவாகப் பட்டறைகள். அங்கே வெள்ளி உருக்குகிற ஒருவரிடம் ஒரு சந்தேகம் கேட்க வேண்டியிருந்தது. வாட்ஸ்அப்பில் வருடம் தவறாமல் சுற்றுகிற ஒரு கதை உண்டு. ஒரு பெண் தட்டானிடம் போய், வெள்ளி சுத்தமாகிவிட்டது என்று எப்படித் தெரியும் என்று கேட்பாள். என் முகம் அதில் தெரியும்போது என்பான் தட்டான். மல்கியா 3ஆம் அதிகாரத்தில் கர்த்தர் ‘உட்கார்ந்து வெள்ளியைப் புடமிட்டுச் சுத்திகரித்துக்கொண்டிருப்பார்’ என்ற வசனத்துக்கு இதைச் சொல்லாத போதகர் இல்லை. நான் கேட்டதும் அவர் சிரித்தார். “முகம் பாக்கற அளவுக்குக் குனிஞ்சா மீசை போயிரும் தம்பி” என்றார்.

ஆனால் அவர் உட்கார்ந்திருந்தார். அதைக் கவனித்தேன். வெள்ளி உருக 962 டிகிரி செல்சியஸ் வேண்டும். உருக்குகிற மூசைக் கிண்ணம் சிவந்து, அப்புறம் வெளிறி, உள்ளே துண்டு துண்டாகக் கிடந்த பழைய கொலுசும் அரைஞாணும் ஒவ்வொன்றாகத் தலை சாய்ந்து ஒன்றுக்குள் ஒன்று போயின. ஒரு சிட்டிகை வெங்காரத்தைத் தூவினார். அழுக்கு மேலே ஆடையாகத் திரண்டு வந்தது. கம்பியால் ஓரமாக ஒதுக்கினார். போன் அடித்தது, எடுக்கவில்லை. வெளியே யாரோ கூப்பிட்டார்கள், எழுந்திருக்கவில்லை. நெருப்பை வைத்துவிட்டு எழுந்துபோகிற வேலை இல்லை அது.

அதைவிடப் பெரிய விஷயம் தரையில் இருந்தது. பட்டறையைக் கூட்டின தூசியை அவர்கள் குப்பையில் போடுவதில்லை. அராவின பொடி, மண், கரி, தலைமுடி எல்லாம் சேர்த்து ஒரு டப்பாவில் வைத்திருக்கிறார்கள். அது நிறைந்ததும் முதலில் தண்ணீரில் அரிப்பார்கள். மண்ணும் முடியும் தண்ணீரோடு போகும். அடியில் தங்குகிற கறுப்புப் பொடியை அப்புறம் நெருப்பில் போடுவார்கள். ஏன் நேராக நெருப்பிலேயே போடக்கூடாது என்று கேட்டேன். “ஒட்டியிருக்கறது தண்ணியில போகும். கலந்திருக்கறது தண்ணியில போகாதுங்களே” என்றார். வெள்ளிக்குள் செம்பு கலந்திருந்தால் எத்தனை குடம் தண்ணீர் ஊற்றினாலும் டச், அதாவது வெள்ளியின் சுத்தம், ஏறாது.

யோவான் ஸ்நானகர் சொன்னதும் அதுதான் என்று எனக்குப் படுகிறது. என் தண்ணீர் எட்டாத இடம் ஒன்று உங்களுக்குள் இருக்கிறது, அங்கே போகிறவர் வருகிறார். மல்கியாவும் ஒரே வசனத்தில் ‘புடமிடுகிறவனுடைய அக்கினியைப்போலவும், வண்ணாருடைய சவுக்காரத்தைப்போலவும்’ என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். சரி, எல்லாம் நல்லபடியாகச் சுத்தமாகிவிடும் என்று இதை இனிப்பாக முடித்துவிடவும் முடியாது. எரேமியா 6இல் புடமிடுதல் தோற்றுப்போகிறது. ஈயம் தீர்ந்து, துருத்தி வெந்து, பிரயாசம் வீணாகி, தள்ளுபடியான வெள்ளி என்று பெயர் மட்டும் மிஞ்சுகிறது. பழைய காலத்தில் வெள்ளியோடு ஈயத்தைச் சேர்த்து உருக்குவார்கள். காற்று ஊதும்போது ஈயம் மற்றக் கலப்பை இழுத்துக்கொண்டு போய்விடும். எரேமியாவுக்கு அந்தத் தொழில் தெரிந்திருக்கிறது. ஈயம் செலவாகியும் கலப்பு போகவில்லை என்று உருக்குகிறவன் படுகிற வயிற்றெரிச்சல் அந்த வசனத்தில் இருக்கிறது.

பதரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். களத்தில் தூற்றினவர்களுக்குத் தெரியும், பதர் வேறு செடியிலிருந்து வருவதில்லை. மத்தேயு 13இல் வருகிற களை வேறு, சத்துரு வந்து விதைத்தது. பதர் அப்படியில்லை, அதே கதிர், அதே மணியைப் பால் பிடிக்கிற நாளிலிருந்து மூடிக் காத்த உமி. ஒரு காலத்தில் தேவைப்பட்டதுதான். நமக்குள்ளும் அப்படிக் கொஞ்சம் இருக்கிறது: பிறந்த சபை மேல் வைத்த பெருமை, நாங்கள் தலைமுறைக் கிறிஸ்தவர்கள் என்ற மிதப்பு, சாதியைச் சபைக்குள்ளும் கொண்டுவந்து தனி வரிசையில் உட்காரவைத்த வெட்கம் கெட்ட பழக்கம். கடைசியாகச் சொன்னது எந்தக் காலத்திலும் எந்த மணியையும் காக்கவில்லை, அதை உமி என்று சொல்வதுகூட மரியாதை. 10ஆம் வசனத்து மரத்தை மட்டும் என்னால் இப்படி உள்ளுக்குள் இழுத்துக்கொள்ள முடியவில்லை. அங்கே வெட்டப்படுவது முழு மரம். அதை மென்மையாக்கிச் சொல்கிற பிரசங்கத்தை நான் நம்புவதில்லை. ஆனால் பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது ஒரு வாசலைத் திறந்துவைக்கிறார். அவனவனுடைய வேலைப்பாட்டை அக்கினி சோதிக்கும், கட்டினது வெந்துபோனால் நஷ்டம், ‘அவனோ இரட்சிக்கப்படுவான், அதுவும் அக்கினியில் அகப்பட்டுத் தப்பினதுபோலிருக்கும்’. அஸ்திபாரத்தின் மேல் வைக்கோல் அடுக்கினவனும் தப்புகிறான், கையில் ஒன்றும் இல்லாமல்.

நெருப்பு வரும் என்று அறிவித்தவருக்கே அது வரவில்லை என்பதுதான் இந்தக் கதையில் என்னை அதிகம் உலுக்குகிற இடம். யோவான் சிறையில் கிடக்கிறார். மகேருஸ் கோட்டை என்று யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதுகிறார், சவக்கடலுக்குக் கிழக்கே. கோடரி விழவில்லை. களம் விளக்கப்படவில்லை. அவரைச் சிறையில் போட்ட ஏரோது மாளிகையில் சௌக்கியமாக இருக்கிறான். வருகிறவர் என்று தான் கை காட்டினவர் வரி வசூலிக்கிற ஆயக்காரரோடு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்று சேதி வருகிறது. ‘வருகிறவர் நீர்தானா, அல்லது வேறொருவர் வரக் காத்திருக்கவேண்டுமா’ என்று ஆள் அனுப்பிக் கேட்கிறார். பதிலில் இயேசு குருடர் பார்ப்பதையும் சப்பாணிகள் நடப்பதையும் தரித்திரருக்குச் சுவிசேஷம் அறிவிக்கப்படுவதையும் சொல்லி அனுப்புகிறார். எல்லாம் ஏசாயாவின் வார்த்தைகள். ஆனால் ஏசாயா அந்த இடங்களில் நீதியைச் சரிக்கட்டும் நாளையும் சேர்த்துச் சொல்கிறார். இயேசு அதை எடுக்கவில்லை. நாசரேத்து ஜெப ஆலயத்திலும் அப்படித்தான், 61ஆம் அதிகாரத்தை வாசித்து அநுக்கிரக வருஷத்தோடு நிறுத்திப் புத்தகத்தைச் சுருட்டிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறார். சிறையில் யோவானுக்கு அந்தப் பதில் எப்படி இருந்திருக்கும்? அதன் கடைசி வரி அவருக்காகவே சொன்னது போல இருக்கிறது: ‘என்னிடத்தில் இடறலடையாதிருக்கிறவன் எவனோ அவன் பாக்கியவான்.’ அக்கினி அபிஷேகக் கூட்டம் நடத்துகிறவர்கள் ஒரு நாளாவது இந்த அதிகாரத்தை வைத்துக் கூட்டம் போடலாம். ஆள் வராது என்பது தெரியும்.

பிறகு அந்த நெருப்பு எங்கேதான் போனது? லூக்கா 12ஆம் அதிகாரத்தில் இயேசுவே வாயைத் திறக்கிறார். ‘பூமியின்மேல் அக்கினியைப் போட வந்தேன், அது இப்பொழுதே பற்றி எரியவேண்டுமென்று விரும்புகிறேன்.’ இதோடு நிறுத்தினால் சுவரொட்டிக்கு ஏற்ற வாசகம். அவர் நிறுத்தவில்லை. ‘ஆகிலும் நான் முழுகவேண்டிய ஒரு ஸ்நானமுண்டு, அது முடியுமளவும் எவ்வளவோ நெருக்கப்படுகிறேன்.’ நெருப்பும் முழுக்கும் அடுத்தடுத்து, ஆனால் இந்த முறை ஆள் மாறிவிட்டது. அக்கினியால் மற்றவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுப்பார் என்று அறிவிக்கப்பட்டவர், நானே முழுக வேண்டியிருக்கிறது என்கிறார். பாவிகளின் வரிசையில் நின்று யோர்தானில் இறங்கினவர் இங்கேயும் முதலில் தானே இறங்குகிறார்.

என் மனைவி ஏற்காட்டுக் கத்தோலிக்கக் குடும்பம். கல்யாணத்துக்குப் பிறகு ஈஸ்டருக்கு முந்தின இரவு நடக்கிற பாஸ்கா திருவிழிப்புக்கு மலைக்குப் போவது வழக்கமாகிவிட்டது. அந்த வாரங்களில் கோடை மழை ஒன்று பெய்திருந்தால் காபிச் செடியெல்லாம் வெள்ளைவெளேரென்று பூத்து, கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டினதுமே வாசனை காருக்குள் வரும். பெய்யாவிட்டால் கரிந்த புல்லின் வாடைதான். கோயிலுக்கு வெளியே இருட்டில் புதுத்தீயை மூட்டி, அதிலிருந்து பெரிய பாஸ்கா திரியை ஏற்றி உள்ளே கொண்டுபோவார்கள். அப்புறம் நீண்ட வாசகங்கள், நடுவில் தூக்கம். திருமுழுக்குத் தண்ணீரை ஆசீர்வதிக்கும்போது சாமியார் அந்தத் திரியின் அடிப்பாகத்தைத் தண்ணீருக்குள் இறக்குவார். மேலே சுடர் எரிகிறது, கீழே மெழுகு தண்ணீரில் நிற்கிறது. மலைக்காற்றில் சுடர் ஒரு பக்கமாகச் சாய, உதவிக்கு நிற்கிற பையன் கையை மறைத்துப் பிடிப்பான். புரொட்டஸ்டன்ட் ரத்தம் ஊறின எனக்குச் சடங்குகளில் பொறுமை கம்மி. ஆனால் இந்த ஒரு நிமிஷத்துக்கு எழுந்து நின்று எட்டிப் பார்ப்பேன். லூக்கா 12 அங்கே கண்ணுக்கு முன்னால் நடக்கிறது. நெருப்பு தண்ணீருக்குள் இறங்குகிறது, அவியவில்லை.

குகை மாரியம்மன் கோயிலில் ஆடியில் தீமிதி நடக்கும். குண்டத்துக்கு வருகிறவர்கள் தலைக்குக் குளித்து, மஞ்சள் துணி ஈரம் சொட்ட வருவார்கள். சின்ன வயதில் அந்தப் பக்கம் பார்க்கக்கூடாது என்று வீட்டில் சொல்வார்கள், நாங்கள் பார்ப்போம். அவர்களுடைய நம்பிக்கைக்குள் புகுந்து எனக்கு ஏற்றபடி அர்த்தம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஒன்று மட்டும் நினைவில் இருக்கிறது. எங்கள் தெருவில் ஒரு அக்கா, மகனுக்கு வைசூரி கண்டு பிழைத்ததற்காக வேண்டிக்கொண்டு இறங்கினார். அந்த நெருப்பை அவர் யார் மேலும் ஏவவில்லை. தன் காலை வைத்தார்.

நெருப்பை ஏவ நினைத்தவர்கள் அப்போஸ்தலர்கள். செபெதேயுவின் பிள்ளைகள் யாக்கோபும் யோவானும் (இவர் ஸ்நானகர் இல்லை, வேறு யோவான்). எருசலேமுக்குப் போகிற வழியில் ஒரு சமாரியக் கிராமம் இயேசுவுக்கு இடம் கொடுக்கவில்லை. உடனே, எலியா செய்ததுபோல வானத்திலிருந்து அக்கினி இறங்கி இவர்களை அழிக்கும்படி நாங்கள் கட்டளையிடட்டுமா என்று கேட்கிறார்கள். எலியா அகசியா ராஜாவின் தலைவர்களையும் ஐம்பது ஐம்பது சேவகரையும் எரித்தது அதே சமாரியா நாட்டில்தான், வசனம் அவர்கள் கையில் தயாராக இருக்கிறது. இயேசு இவர்களுக்கு இடிமுழக்க மக்கள் என்று சும்மாவா பெயர் வைத்தார். அவர் திரும்பிப் பார்த்து அதட்டுகிறார். வேறொரு கிராமத்துக்குப் போகிறார்கள்.

அதே இருவர்தான் பிற்பாடு வலது பக்கத்து நாற்காலியும் இடது பக்கத்து நாற்காலியும் கேட்டு வருகிறவர்கள். ‘நான் பெறும் ஸ்நானத்தை நீங்கள் பெறவும் உங்களால் கூடுமா’ என்று அவர் கேட்க, கூடும் என்று படக்கென்று சொல்லிவிடுகிறார்கள். எதைக் கேட்கிறோம் என்று தெரியாமல் கேட்பது எங்கள் கூட்டங்களில் ஆரம்பித்த வழக்கம் இல்லை என்று இதைப் படிக்கும்போது ஒரு ஆறுதல். யாக்கோபுக்கு அந்த ஸ்நானம் இன்னொரு ஏரோதின் பட்டயமாக வந்தது, அப்போஸ்தலர் 12இல் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது.

யோவானுக்கு வேறு மாதிரி வந்தது. ஆதி சபை ஊழியர் பிலிப்பு சமாரியாவில் பிரசங்கித்து, அங்கே ஜனங்கள் தண்ணீரில் ஞானஸ்நானம் பெறுகிறார்கள். ஆவி இன்னும் இறங்கவில்லை. எருசலேமில் இருந்தவர்கள் கேள்விப்பட்டு இரண்டு பேரை அனுப்புகிறார்கள்: பேதுரு, அப்புறம் யோவான். எந்தச் சமாரியர் மேல் வானத்திலிருந்து நெருப்பு விழ வேண்டும் என்று கேட்டாரோ, அந்தச் சமாரியர் தலையில் கையை வைத்து, இவர்கள் மேல் ஆவி இறங்கட்டும் என்று ஜெபிக்க வேண்டியதாயிற்று. இறங்கியது. யோர்தான் கரையில் சொன்ன வசனம் சமாரியருக்கும் பலித்தது, அன்றைக்கு நெருப்பைக் கேட்டவர் கை வழியாகவே. திரும்பி வரும்போது அவர்கள் சமாரியருடைய அநேக கிராமங்களில் பிரசங்கித்துக்கொண்டே வந்தார்கள் என்று லூக்கா எழுதுகிறார். அன்றைக்கு இடம் கொடுக்காத அந்தக் கிராமமும் அதில் ஒன்றா என்று அவர் சொல்லவில்லை. ஒன்றுதான் என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். அங்கே யோவான் எந்த முகத்தோடு போய் நின்றார் என்று சித்தப்பா மகனிடம் கேட்க வேண்டும்.